எட்டாவது கால்

திபிலிசி பொம்மை நாடகக் கொட்டகையில்
மூன்று வாரமாகச் சூரியன்
ஒரே காலையில் இரண்டு தடவை உதிக்கிறது.

பாதி உயரம்வரை ஒழுங்காகத்தான் ஏறும்.
நூற்றி இருபத்தேழு. அதற்கடுத்த எண்ணில்
பொத்தென்று இருட்டு.
பிறகு அடியிலிருந்து மறுபடி மஞ்சள்,
மறுபடி பாதி. அதோடு சரி.
கையில் கரடியை மாட்டியிருக்கும் எதேரி
அந்த இருட்டுக்குள்
வசனத்தை நிறுத்திக் காத்திருக்கிறாள்.
‘மேகம், மேகம்’ என்று கத்துகின்றன பிள்ளைகள்.

விளக்குப் பலகையின் மூடியைக் கழற்றினேன்.
பிறந்தது எண்பத்தி ஒன்றில், என்னைப் போலவே.
உள்ளே வரிசையாக எட்டுச் சில்லுகள்,
ஆளுக்கொரு பிட் சுமப்பவர்கள்.
காய்ச்சல் பார்ப்பதுபோல
ஒவ்வொன்றின் முதுகிலும் விரல் வைத்தேன்.
ஏழு பேர் வெதுவெதுப்பு.
கடைசிக்காரன் சுட்டான்.
பெரிய எண்கள் எல்லாம்
அவன் தோளில் ஏறித்தான் போக வேண்டும்.

இந்த ரகத்துக்கு ஞாபகம் என்பது ஓட்டை வாளி.
இரண்டு மில்லிவினாடிக்குள்
எடுத்துப் படித்துத் திரும்ப எழுதாவிட்டால்
ஒழுகிவிடும்.
பலகை விழித்திருக்கும் நேரமெல்லாம்
உள்ளே ஏதோவொன்று
முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை
வாசித்துக்கொண்டே இருக்கிறது,
பொருள் தெரியாமல்.

வறண்ட பாலத்துச் சந்தையில்
பதக்கங்கள், வெட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள்,
யாரும் போடாத நச்சுவாயு முகமூடிகள்.
ட்சோட்னே சில்லின் எண்ணைப் படித்துவிட்டுச் சிரித்தான்.
‘தொண்ணூற்றி மூன்றில் வந்திருக்கணும் நீ.
கிலோ கணக்கில் உருக்கினோம்.’
வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினான்.
‘ஒரு கம்ப்யூட்டர் இதில் இருக்கு.’
எந்தக் கம்ப்யூட்டர் என்றேன்.
‘வானிலை பார்த்ததாம்.
இப்பவும் மழைக்கு முன்னால் வலிக்குது.’

ஷென்சென்னிலிருந்து பத்து வரவழைத்தேன்.
சரியான பெயர், சரியான ஆண்டு, கூடுதலான பளபளப்பு.
அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒரு இழுப்பு:
பெயர் பஞ்சோடு வந்துவிட்டது.
அடியில் உரசித் தேய்த்த சாம்பல் முதுகு,
வேறெவனுடைய ஊரோ பாதி எழுத்தில்.
எழுபது லாரி போச்சு.
போலிகளைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்,
எதற்கென்று கேட்காதீர்கள்.

கடைசியில் மாமுகாவின் செத்த பிரிண்டரில் கிடைத்தது
இதன் அடுத்த தலைமுறைச் சில்லு ஒன்று.
அதே பதினாறு கால்.
ஆனால் எட்டாவது காலில்
பழையவன் குடித்தது பன்னிரண்டு வோல்ட்;
புதியவன் ஐந்துக்கு மேல் குடித்தால் செத்தான்.
காலை வெளியே மடக்கினேன், மூச்சை அடக்கி.
முறிந்தால் இன்னொரு பிரிண்டர் சாக வேண்டும்.
முறியவில்லை.
முடிபோன்ற கம்பியில் பக்கத்து ஐந்து வோல்ட்டைக் கொடுத்தேன்.
ஒன்றாவது காலுக்கு இங்கே வேலையில்லை,
அதையும் தூக்கிவிட்டேன்.

நான்கு மடங்கு பெரிய வீடு.
குடித்தனம் கால்வாசியில் மட்டும்.
மற்ற அறைகள் இருப்பதே பலகைக்குத் தெரியாது;
தட்டவும் மாட்டாது.
அந்த இருட்டில்
பிரிண்டர் கடைசியாக அச்சடித்த ரசீதின் ஒரு வரி
இன்னும் இருக்கும் என்று நினைக்க ஆசைதான்.
இருக்காது. மின்சாரம் போன கணமே
எல்லாம் போயிருக்கும்.
எனக்குத் தெரிந்த விஷயம் இது,
ஆசைக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை ஆட்டம்.
கடைசி வரிசையில் நின்றேன், கருவிப் பையோடு.
சூரியன் ஏறியது. நூற்றி இருபத்தைந்து, இருபத்தாறு,
ஏழு,
எட்டு.
ஏறிக்கொண்டே போனது.

எதேரி பழக்கத்தில்
அதே இடத்தில் நிறுத்திவிட்டாள்.
வாயைத் திறந்தபடி கரடி,
அத்தனை வெளிச்சத்தில், ஒரு சொல்லும் இல்லாமல்.
முன்வரிசையில் ஒரு குரல்: ‘மேகம் எங்கே?’

கரடி மெல்ல அண்ணாந்து
விளக்கைப் பார்த்தது.
அது நாடகத்தில் இல்லை.